ஓட்டு கடைசி வேலை: உள்ளாட்சிப் பணத்தை மக்களே பங்கிடும் முறை பற்றி

கேள்வி சுருக்கமாக இதுதான்: உள்ளாட்சியின் பணத்தில் ஒரு பகுதியை எதற்குச் செலவழிப்பது என்று அங்கே குடியிருப்பவர்களே முடிவு செய்வது நடக்கிற காரியமா? கூட்டம் போட்டால் குரல் பெரிதாக உள்ளவர் சொல்வதுதானே தீர்மானமாகும்? எங்கள் பகுதியில் ஆரம்பிக்க நினைத்தால் முதலில் எதைச் செய்வது?

நடக்கிற காரியம்தான். 1989 முதல் ஏதாவது ஒரு நாட்டில் நடந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் ஓட்டுப் போடும் நாளை மட்டும் வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. அன்றைக்கு எல்லா இடமும் ஒரே மாதிரிதான் இருக்கும்: மேசை, பெட்டி, வரிசை, கைதட்டல். ஒன்றரை வருஷம் கழித்து அதே தெருவுக்குப் போய்ப் பாருங்கள். ஒரு ஊரில் சாக்கடை மூடியிருக்கும். இன்னொரு ஊரில் பெயர்ப்பலகை மட்டும் நிற்கும். நடுவில் என்ன ஆயிற்று என்று துருவிப் பார்த்தால், பெரும்பாலும் ஓட்டுக்கு முன்பே, எஸ்டிமேட் போடுகிறவரின் மேசையிலேயே விஷயம் முடிந்திருக்கும். பல வருஷம் அந்த மேசைக்குக் காகிதம் சுமந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இதற்குப் 'பங்கேற்பு பட்ஜெட்' என்று பெயர். பிறந்த இடம் பிரேசிலின் தெற்கே உள்ள போர்ட்டோ அலெக்ரே நகரம். 1988 தேர்தலில் அங்கே தொழிலாளர் கட்சி ஜெயித்தது. மறுவருஷம் ஒலிவியோ துத்ரா மேயரானார். ராணுவ ஆட்சி முடிந்து நாலு வருஷம்கூட நிறையவில்லை. நகரத்தின் குடியிருப்போர் சங்கங்கள் அதற்கு முன்பே, பட்ஜெட் போடும்போது எங்களையும் உட்கார வையுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தன. அதனால் இது மேயர் ஒருவரின் மூளையில் உதித்த திட்டம் என்று சொல்ல முடியாது. கேட்டது சங்கங்கள், கதவைத் திறந்தது நகராட்சி.

திறந்த பிறகுதான் சங்கடம். கஜானாவில் வருகிற பணம் கிட்டத்தட்ட முழுக்கச் சம்பளத்துக்கே போய்க்கொண்டிருந்தது. மக்களைக் கூப்பிட்டு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். பட்டியல் மலைபோல வந்தது. செய்யக் காசில்லை. மறுவருஷம் கூட்டத்துக்கு வந்தவர்கள் எண்ணிக்கை சரிந்தது. இந்த முறையைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்த இரண்டாம் வருஷத்தை ஒரே வரியில் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கு மொத்தக் கதையிலும் முக்கியமாகப் படுவது இந்த வருஷம்தான். கேட்டுவிட்டுச் செய்யாமல் விட்டால் யாரும் வந்து சண்டை போடுவதில்லை. அடுத்த தடவை நாற்காலிகள் காலியாக இருக்கும், அவ்வளவுதான். அதன்பின் "மக்களுக்கே ஆர்வம் இல்லை" என்று அறிக்கை எழுதுவது சுலபம்.

போர்ட்டோ அலெக்ரே அப்படி எழுதவில்லை. சொத்துவரியைத் திருத்தி, வசதி இருக்கிறவர்களிடம் கூடுதலாக வாங்கினார்கள். 1988இல் வந்த புதிய அரசியல் சட்டமும் நகரங்களுக்குக் கூடுதல் வரிப்பங்கைத் தந்திருந்தது. 1991 வாக்கில் வேலைகள் கண்ணில் பட ஆரம்பித்தன. கூட்டமும் திரும்பி வந்தது. பின்னாளில் வருஷத்துக்குப் பல்லாயிரக்கணக்கானோர் கலந்துகொள்ளும் அளவுக்குப் போயிற்று.

எப்படிச் செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். நகரத்தை 16 பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பகுதியிலும் பொதுக்கூட்டம். அங்கே எத்தனை பேர் வந்தார்களோ அதற்கேற்பப் பிரதிநிதிகள். ஒரு சந்திலிருந்து நாலு பேர் மட்டும் வந்தால் அந்தச் சந்துக்குக் குரல் இருக்காது. ஆள் திரட்டிக்கொண்டு வருகிற சந்துக்கு இருக்கும். இது நியாயமா என்று கேட்டால் முழுக்க நியாயம் இல்லை, ஆனால் ஆட்களை வீட்டிலிருந்து கிளப்ப இதைவிட நல்ல தூண்டில் கிடையாது. பிரதிநிதிகள் சேர்ந்து முன்னுரிமையை வரிசைப்படுத்துவார்கள்: முதலில் சாக்கடை, பிறகு சாலை, பிறகு பள்ளி என்று. அவர்களுக்கு மேலே ஒரு பட்ஜெட் மன்றம். பகுதிக்கு 2 உறுப்பினர்கள். பதவிக்காலம் ஒரு வருஷம், மறுமுறை ஒரு தடவைதான் நிற்கலாம், தேர்ந்தெடுத்தவர்கள் நினைத்தால் நடுவிலேயே திரும்ப அழைத்துக்கொள்ளலாம்.

பணத்தைப் பகுதிகளுக்குப் பிரித்த விதம்தான் இதன் உயிர்நாடி. வெறும் ஓட்டை எண்ணிப் பிரிக்கவில்லை. மூன்று கேள்விக்கு மதிப்பெண் போட்டார்கள்: அந்தப் பகுதியில் எத்தனை பேர் இருக்கிறார்கள், கேட்கிற வசதி அங்கே எவ்வளவு குறைவாக இருக்கிறது, அந்தப் பகுதி தன் பட்டியலில் அதை எத்தனையாவதாக வைத்திருக்கிறது. தார் போடாத தெரு அதிகம் உள்ள பகுதி தார்ச்சாலையை முதலில் வைத்திருந்தால் அதற்கு மதிப்பெண் ஏறும். வசதியான பகுதி எவ்வளவு கூட்டம் கூட்டினாலும் இல்லாமையில் மதிப்பெண் வாங்க முடியாது. இந்த விதிகள் சட்டமாக இயற்றப்படவில்லை. கலந்துகொள்கிறவர்களே வருஷாவருஷம் திருத்தி எழுதிக்கொள்ளும் ஒரு நடைமுறைக் கையேட்டில் இருந்தன. பட்ஜெட்டை முறைப்படி நிறைவேற்றும் அதிகாரம் நகர மன்றத்திடமே இருந்தது.

பலன்? 1988இல் 75% வீடுகளுக்கு இருந்த குடிநீர், கழிவுநீர் இணைப்பு 1997இல் 98% வீடுகளுக்கு எட்டியது என்று உலக வங்கி எடுத்துச் சொல்லியிருக்கிறது. அத்தனையும் இந்த ஒரு முறையால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். வரி வருமானம் கூடியதும் சேர்ந்துதான். ஆனால் 2014இல் வெளியான இரண்டு தனித்தனி ஆய்வுகள், இம்முறையைப் பின்பற்றிய பிரேசில் நகரங்களையும் பின்பற்றாதவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தன. பின்பற்றிய நகரங்கள் சுகாதாரத்துக்கும் துப்புரவுக்கும் கூடுதலாகச் செலவிட்டன, அங்கே சிசு மரணம் குறைந்தது என்று இரண்டுமே சொல்கின்றன. ஏன் என்று யோசித்தால் பெரிய மர்மம் இல்லை. நிலத்துக்கு அடியில் போகும் கழிவுநீர்க் குழாயைத் திறந்து வைத்து ரிப்பன் வெட்ட முடியாது. ரிப்பன் வெட்டுகிறவர் முடிவு செய்தால் மேம்பாலம் வரும். வாசலில் சாக்கடை ஓடுகிறவர் முடிவு செய்தால் குழாய் வரும்.

போர்ட்டோ அலெக்ரேயில் பின்னால் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். 2004 தேர்தலில் தொழிலாளர் கட்சி தோற்றது. அடுத்து வந்தவர்கள் முறையை எடுத்துவிடவில்லை. கூட்டங்கள் நடந்தன, ஒப்புக்கொண்ட வேலைகள் பின்தங்கின. 2017இல் நிறுத்தியே வைத்தார்கள். மேயர் அறையிலிருந்த அக்கறை போனதும் உள்ளீடு போய் ஓடு மட்டும் மிஞ்சியது. சட்டம் போட்டிருந்தால் காப்பாற்றியிருக்குமா? பெரு 2003இல் உள்ளாட்சிகளுக்கு இதைச் சட்டமாகவே ஆக்கியது. தென் கொரியா 2011இல் கட்டாயமாக்கியது. போலந்து 2018இல், மாவட்ட அந்தஸ்துள்ள நகரங்கள் செலவில் குறைந்தது 0.5% இப்படித்தான் ஒதுக்க வேண்டும் என்று விதித்தது. சட்டம் இருந்தால் கூட்டம் நிற்காது என்பது உறுதி. கூட்டத்தில் சொன்னது நடக்கும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

இனி உங்கள் பகுதிக்கு வருகிறேன். முதலில் பானையில் எவ்வளவு இருக்கிறது என்பதை எழுத்தில் வாங்குங்கள். "மக்கள் கருத்துக் கேட்கிறோம், பிறகு நிதிக்கு ஏற்பப் பார்க்கலாம்" என்று சொல்கிற இடத்தில் போய் உட்காராதீர்கள். அது கருத்துக்கேட்பு, வேறு சாதி. தொகை முன்கூட்டியே தெரிந்தால்தான் மக்கள் தங்களுக்குள் பேரம் பேசுவார்கள்: நம் தெரு வடிகாலை இந்த வருஷம் விட்டுக்கொடுத்தால் அடுத்த வருஷம் அவர்கள் நமக்குக் கை தூக்குவார்களா என்று. தொகை தெரியாத கூட்டத்தில் எல்லோரும் எல்லாமும் கேட்பார்கள். அதில் முடிவெடுக்க என்ன இருக்கிறது?

தொகை எவ்வளவு என்பதைவிட எந்தக் கணக்குத் தலைப்பில் வருகிறது என்பது இன்னும் முக்கியம். அனேக இடங்களில் மக்கள் கைக்குத் தருவது மூலதனச் செலவு மட்டும்தான்: கட்டலாம், வாங்கலாம், பதிக்கலாம். ஆள் போட முடியாது, மாதாமாதம் செலவிட முடியாது. நியூயார்க்கில் 2011இல் நாலு கவுன்சில் தொகுதிகளில் ஆரம்பித்தபோது, தொகுதிக்குக் குறைந்தது 10 லட்சம் டாலர் ஒதுக்கினார்கள். அதுவும் மூலதன வேலைகளுக்குத்தான். பள்ளிக் கழிவறை, பூங்கா, நடைபாதை என்று ஜெயிப்பவை எல்லாம் ஏன் கல்லும் இரும்புமாக இருக்கின்றன என்று கேட்டால் காரணம் மக்களின் ரசனை இல்லை, கணக்குத் தலைப்பு. நூலகம் கட்ட ஓட்டுப் போடலாம், நூலகருக்குச் சம்பளம் தர முடியாது. இந்தச் சிக்கலை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். "கட்டிய பிறகு இதைக் கூட்டிப் பெருக்குவது யார், விளக்குக்கு மின்கட்டணம் எந்தத் தலைப்பில்?" என்று ஒவ்வொரு யோசனையோடும் கேட்டுப் பழகினால், மூன்றாம் வருஷத்தில் புதர் மண்டிக் கிடக்கும் பூங்காக்கள் பாதி குறையும்.

அடுத்தது அந்த மேசை. யோசனைகள் வரும், நூற்றுக்கணக்கில் வரும். அவற்றை ஓட்டுச்சீட்டில் ஏற்றுவதற்கு முன், இது செய்ய முடியுமா, எவ்வளவு ஆகும் என்று அதிகாரிகள் பார்த்துச் சொல்வார்கள். செய்யத்தான் வேண்டும், முடியாத காரியத்துக்கு ஓட்டு வாங்கி என்ன பயன். ஆனால் இந்தப் படியில் கூட்டமும் இருக்காது, நிருபரும் இருக்க மாட்டார்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்தது. வயதான ஓர் அம்மா ஒரு படிக்கட்டுப் பாதைக்கு விளக்குக் கேட்டிருந்தார். இரவில் அங்கே இரண்டு பேர் விழுந்திருக்கிறார்கள். கூட்டத்தில் அந்த யோசனைக்குத்தான் கைதட்டல் அதிகம். மூன்று வாரம் கழித்துப் பட்டியல் திரும்பி வந்தபோது அதன் எதிரே 'தொழில்நுட்பக் காரணங்களால் இயலாது' என்றிருந்தது. விளக்கு மாட்ட என்ன தொழில்நுட்பக் காரணம் என்று புரியாமல் அலுவலகத்துக்குப் போனேன். பொறியாளர் நல்ல மனிதர்தான், கோப்பை எடுத்துக் காட்டினார். கம்பம் நட வேண்டிய இடம் வேறு துறைக்குச் சொந்தம். அந்தத் துறையிடம் அனுமதி கேட்டு யாரும் கடிதம் எழுதவில்லை.

"எழுதியிருக்கலாமே சார்?" என்றேன்.

"நூத்து நாப்பது யோசனை. மூணு வாரம். நானும் ரெண்டு பேரும். எதைன்னு எழுதறது?" என்றார்.

அவர் நீட்டிய படிவத்தைப் பார்த்தேன். யோசனையின் பெயர், இடம், உத்தேசத் தொகை, சாத்தியமா இல்லையா என்று வரிசையாகக் கட்டங்கள். 'காரணம்' என்ற கட்டம் கட்டைவிரல் அகலம். அதில் எழுதக்கூடியது அந்த மூன்று வார்த்தைதான். அடித்த முத்திரை மாதிரி பக்கம் முழுக்க அதுவே இருந்தது. அடுத்த வருஷம் நாங்கள் போராடி வாங்கியது ஒரே ஒரு மாற்றம்: அந்தக் கட்டத்தைப் பெரிதாக்கினோம். முடியாது என்றால் ஏன் முடியாது, யார் சம்மதித்தால் முடியும், என்ன மாற்றினால் முடியும் என்று மூன்று வரி எழுத வேண்டும். யோசனை சொன்னவருக்கு அதைக் காட்ட வேண்டும். திருத்திக் கொடுக்க அவருக்குப் பத்து நாள். அந்தப் பத்து நாளில் அந்த அம்மாவின் மருமகன் மற்றத் துறைக்கு ஒரு கடிதம் எழுதினார். அனுமதி வந்தது. ஓட்டில் விளக்கு சுலபமாக ஜெயித்தது.

கேரளம் இந்த இடத்தில் செய்தது எனக்கு மிகவும் பிடிக்கும். 1996 ஆகஸ்ட் 17 அன்று அங்கே மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40% வரை உள்ளாட்சிகளுக்கு என்று அறிவித்துவிட்டுத்தான் கிராம சபைகளைக் கூட்டினார்கள். பணம் முதலில், பேச்சு பிறகு. மக்களும் தன்னார்வலர்களுமாக எழுதிய திட்டங்கள் வந்து குவிந்தன. பல திட்டங்களில் கணக்கு சரியில்லை, அளவு சரியில்லை. வழக்கமாக என்ன நடக்கும்? சிவப்பு மை. அதற்குப் பதில், ஓய்வுபெற்ற பொறியாளர்களையும் மற்றத் துறை வல்லுநர்களையும் திரட்டித் தன்னார்வத் தொழில்நுட்பப் படை ஒன்றை அமைத்தார்கள். திட்டத்தைத் தட்டிக்கழிப்பதற்காக அல்லாமல் தேற்றி எடுப்பதற்காகப் பரிசீலிக்கும் ஆட்கள். ஓய்வுபெற்ற ஒரு பொறியாளரைப் பிடிப்பது எந்த ஊரிலும் முடியாத காரியமில்லை. நீங்கள் ஆரம்பிக்கும்போது முதலில் தேட வேண்டிய நபர் பேச்சாளர் இல்லை, இவர்.

சரி, குரல் பெரிதாக உள்ளவர். இந்தப் பயம் நியாயமானது. ஆயிரம் பேரை ஒரு பந்தலில் உட்கார வைத்து மைக்கை நீட்டினால் யார் பேசுவார் என்று எல்லோருக்கும் தெரியும். கேரளத்தில் இதற்கும் வழி வைத்திருந்தார்கள். பெரும்பாலும் விடுமுறை நாளில் சபை. தொடக்கத்தில் சிறிது நேரம் பொது அமர்வு, உடனே விவசாயம், கல்வி, குடிநீர் என்று துறைவாரியாக 25 முதல் 50 பேர் வரை உள்ள சிறு குழுக்கள். குழுவுக்குப் பயிற்சி பெற்ற ஓர் ஒருங்கிணைப்பாளர், கையில் முன்கூட்டித் தயாரித்த கேள்விகள். பெண்களுக்கென்று ஒரு குழு. போதாதென்று திட்ட நிதியில் 10% பெண்களுக்கான திட்டங்களுக்கு என்று தனியே எடுத்துவைத்தார்கள். சிறு குழுவில் ஒருவர் பத்து நிமிஷம் தொடர்ந்து பேசினால் பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிப்பது தெரியும், மேடையில் தெரியாது.

இன்னொன்று, யார் ஓட்டுப் போடலாம் என்பதை நீங்களே வரையறுக்கலாம். இது சட்டமன்றத் தேர்தல் இல்லை. நியூயார்க்கில் 11 வயதுப் பிள்ளைகளும் ஓட்டுப் போடுகிறார்கள். குடியுரிமை இல்லாதவர்களும் போடுகிறார்கள். அங்கே குடியிருந்தால் போதும். பாரிஸ் 2014இல் தொடங்கியது. அடுத்த இரண்டு வருஷத்துக்குள், மொத்த ஒதுக்கீட்டில் ஒரு கணிசமான பங்கை எளிய மக்கள் வாழும் பகுதிகளுக்கென்று தனியே கட்டிவைத்தது. 2016இல் 10 கோடி யூரோவில் 3 கோடி அப்படி. இல்லாவிட்டால், நேரமும் கணினியும் உள்ளவர்கள் எழுதிய திட்டங்கள்தான் ஜெயித்துக்கொண்டிருக்கும். போர்ட்டோ அலெக்ரேயில் எடுத்த கணக்குகளில் ஏழைகளும் குறைவாகப் படித்தவர்களும் நகர மக்கள்தொகையில் தங்கள் பங்கைவிடக் கூடுதலாகக் கலந்துகொண்டது தெரிந்தது. ஐரோப்பாவில் பல இடங்களில் நேர்மாறு. போர்ட்டோ அலெக்ரேயில் பானையில் இருந்தது சாக்கடையும் சாலையும்; மற்ற இடங்களில் பல நேரம் பூச்செடியும் பெஞ்சும். வேலை விட்டு வந்து மாலை முழுக்க உட்கார, பூச்செடி ஒரு காரணமாகாது.

இணைய வழியில் ஓட்டு வைத்தால் எல்லோரும் வருவார்களே என்பார்கள். எண்ணிக்கை கூடும், சந்தேகமில்லை. ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் வரைபடத்தில் யோசனைகளைப் பார்த்துக்கொண்டே, தொகை தீரும்வரை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கலாம். ஒன்றைச் சேர்த்தால் மீதி எவ்வளவு என்று கண்முன் குறையும். அது நல்ல பாடம். ஆனால் வீட்டிலிருந்தபடி விரலால் தட்டுகிறவர் பக்கத்துப் பகுதிக்காரர் சொல்வதைக் கேட்டு மனம் மாற வாய்ப்பில்லை. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்: பேச்சு நேரில், ஓட்டு எப்படி வேண்டுமானாலும்.

எண்ணுவதில் ஒரு பொறி இருக்கிறது. இதைப் பற்றி யாரும் முதலில் யோசிப்பதில்லை, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். வழக்கமாக, அதிக ஓட்டு வாங்கிய திட்டத்தை முதலில் எடுத்து, அடுத்ததை எடுத்து, பணம் தீரும்வரை இறங்கிக்கொண்டே வருவார்கள். பார்வைக்கு நியாயம். மொத்த நிதி 100 காசு, ஓட்டுப் போடுவோர் 100 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கே 60 பேர். அவர்களுக்கு மூன்று திட்டங்கள் வேண்டும், ஒவ்வொன்றும் 30 காசு. மேற்கே 40 பேர். அவர்களுக்கு ஒரே ஒரு திட்டம், 35 காசு. எல்லோரும் தங்கள் பக்கத் திட்டங்களுக்கே ஓட்டுப் போடுகிறார்கள். கிழக்கின் மூன்றுக்கும் தலா 60 ஓட்டு. மூன்றும் தேறி 90 காசு போய்விடும். மிச்சம் 10 காசு. மேற்கின் திட்டத்துக்குப் போதாது. ஊரில் பத்தில் நாலு பேருக்கு ஒன்றுமில்லை. அடுத்த வருஷமும் இதே கதைதான்.

இதற்கு மாற்றாகச் 'சமப் பங்கு முறை' என்று ஒன்று வந்திருக்கிறது. நிதியை ஆளுக்கு ஒரு காசாகக் கற்பனையில் பிரித்துக் கொடுத்துவிடுவது. ஒரு திட்டத்தை ஆதரிப்பவர்கள் தங்கள் காசைச் சேர்த்து அதை 'வாங்க' வேண்டும். கிழக்கின் 60 பேர் 60 காசுக்கு இரண்டு திட்டம் வாங்கலாம். மூன்றாவதற்கு அவர்களிடம் காசு இல்லை. மேற்கின் 40 பேர் 35 காசுத் திட்டத்தை வாங்கிவிடுவார்கள். 95 காசு செலவு, இரு பக்கமும் ஏதோ ஒன்று கிடைத்தது. போலந்தின் வியெலிச்கா நகரமும் சுவிட்சர்லாந்தின் ஆராவ் நகரமும் 2023இல் இப்படித்தான் எண்ணின. கணக்கு மட்டும் கணினி போட வேண்டும். விளக்கிச் சொல்ல ஐந்து நிமிஷம் போதும். நான் பத்துப் பேருக்குப் புளியங்கொட்டையை வைத்து விளக்கியிருக்கிறேன், எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் இதை ஓட்டுக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். முடிவு தெரிந்த பிறகு எண்ணும் முறையை மாற்றினால் அடிதடிதான்.

தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் இதை எதிர்ப்பார்களா? எதிர்ப்பார்கள். "எங்களை எதற்கு ஜெயிக்க வைத்தீர்கள்?" என்பது அவர்கள் கேள்வி, அதில் நியாயமும் இருக்கிறது. அமெரிக்காவில் இதை முதலில் செய்தவர் ஒரு கவுன்சிலர்தான்: சிகாகோவின் 49வது வார்டில் ஜோ மூர், 2009இல், தன் விருப்பப்படி செலவிடத் தனக்கு ஒதுக்கப்பட்ட ஏறத்தாழ 13 லட்சம் டாலரை வார்டு மக்கள் கையில் கொடுத்தார். தானே கொடுக்கிற கவுன்சிலரிடமிருந்து ஆரம்பிப்பது, மன்றம் முழுவதையும் சம்மதிக்க வைப்பதைவிடப் பத்து மடங்கு சுலபம். அவருக்கும் ஆதாயம் உண்டு. நாலு பேர் நாலு விதமாகக் கேட்டு வீட்டு வாசலில் நிற்கும்போது, "கூட்டத்துக்கு வந்து சொல்லுங்கள்" என்று சொல்லிவிடலாம்.

ஊழல் ஒழிந்துவிடுமா என்றும் கேட்கிறார்கள். எதைச் செய்வது என்பதை மக்கள் முடிவு செய்தாலும், யார் செய்வது என்பது டெண்டரில்தான் முடிவாகிறது. அந்தக் கதவு வேறு, அதற்குப் பூட்டும் வேறு. ஆனால் இந்தத் தெருவில் இத்தனை மீட்டர் குழாய் வர வேண்டும் என்று 200 பேருக்குத் தெரிந்திருக்கும்போது, பாதியைப் பதித்துவிட்டு முழுசுக்கும் பில் போடுவது முன்பைவிடக் கஷ்டம். போர்ட்டோ அலெக்ரேயில் குடியிருப்பவர்களே வேலையைக் கண்காணிக்கும் குழுக்கள் இருந்தன. வேலை நடக்கும் இடத்தில் தினமும் போய் நிற்க யாருக்கும் சம்பளம் தர வேண்டியதில்லை, அங்கேதான் குடியிருக்கிறார்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்ற கடைசிக் கேள்விக்கு என் யோசனை இது. முதல் வருஷம் சின்னத் தொகை, ஆனால் எழுதிக் கொடுத்த தொகை. விதிகளை எழுத ஒரு குழு. அதில் அதிகாரி ஒருவர், பெண்கள் பாதி, இதுவரை எந்தச் சங்கத்திலும் இல்லாத ஆட்கள் சிலர். யோசனை வாங்க ஒரு மாதம் போதும். எஸ்டிமேட்டுக்கும் திருத்தத்துக்கும் அதைப்போல மூன்று பங்கு நேரம் கொடுங்கள். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்து கெடுக்கிறார்கள். முதல் வருஷம் ஜெயிக்கும் திட்டங்களில் குறைந்தது ஒன்றாவது ஆறு மாதத்துக்குள் முடிகிற மாதிரி இருக்கட்டும், வேகத்தடை, கைப்பிடி, விளக்கு, எதுவானாலும் சரி. போர்ட்டோ அலெக்ரேயின் இரண்டாம் வருஷம் உங்களுக்கும் வரும். அன்றைக்குக் காட்ட ஏதாவது கையில் இருக்க வேண்டும்.

இரண்டாம் வருஷக் கூட்டத்தைப் புது யோசனை கேட்டு ஆரம்பிக்காதீர்கள். அந்த நகரத்தில் ஒவ்வொரு சுற்றின் முதல் கூட்டமும் போன வருஷக் கணக்கோடுதான் தொடங்கும்: ஒப்புக்கொண்டது என்ன, முடிந்தது என்ன, முடியாதது ஏன் என்று நகராட்சி எழுந்து நின்று சொல்ல வேண்டும். உங்கள் கூட்டத்திலும் சுவரில் போன வருஷப் பட்டியலை ஒட்டி, ஒவ்வொரு வரியின் எதிரிலும் முடிந்தது, நடக்கிறது, தொடங்கவில்லை என்று கையால் எழுதச் சொல்லுங்கள். 'தொடங்கவில்லை' என்ற வரிக்குப் பக்கத்தில் காரணம் எழுதும் இடத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாக விட்டுவையுங்கள்.